கட்டாத கயிறு

தென்கலைப் பையனுக்கு வடகலைப் பெண்ணைக் கட்டிவைத்தால் சாப்பாட்டில் தகராறு வராது, மோட்சத்தில் வரும். நான் ஸ்ரீரங்கம், என் மனைவி காஞ்சிபுரம். அவள் ஊர் வரதர் சன்னிதியில் யார் முன்னால் நின்று பாடுவது என்று வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய வழக்கு இன்னும் கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டு வழக்கும் அப்படித்தான்.

ஜீவனைக் கரையேற்றுவது பெருமாள் என்பதில் வைணவத்தின் இரண்டு கலைக்கும் பேதமில்லை. அதில் ஜீவனுக்கு ஏதாவது வேலை உண்டா என்பதுதான் கேள்வி. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொண்டால்தான் மரம் தாவலாம் என்பது வடகலை. பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. ஒரு சாக்காவது, ஒரு வியாஜமாவது ஜீவன் பக்கத்திலிருந்து வேண்டும் என்றார் வேதாந்த தேசிகர். வருகிற அருளை விலக்காமல் இருந்தால் போதும் என்றார் பிள்ளை லோகாசாரியர். இந்த 'விலக்காமை'யைத்தான் என் மாமனார் வீட்டில் சோம்பேறித்தனம் என்று வாயாரச் சொல்வார்கள். எங்கள் பக்கத்திலும் சிலர் அதைச் சோம்பேறித்தனமாகவேதான் கடைப்பிடித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது.

இந்த விலக்காமைக்கு ஒரு நல்ல விளக்கம் எனக்குப் பிரிஸ்டலில் கிடைத்தது. மகன் அங்கே வேலை பார்க்கிறான். அவனுடைய சிநேகிதருக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பாய்மரப் படகு. நான் பொதுப்பணித்துறையில் மதகும் ஷட்டருமாகக் காலம் தள்ளியவன் என்று தெரிந்ததும் என்னையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டார். பின்பக்கத்துக் கயிறு என் பொறுப்பு.

பிரிஸ்டல் துறைமுகம் கடலோரத்தில் இல்லை, ஏவன் ஆற்றில் உள்ளே தள்ளி இருக்கிறது. அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களில் 13, 14 மீட்டர். சென்னைக் கரையில் இது சுமார் ஒரு மீட்டர்தான் என்று சொன்னால் அளவு புரியும். வற்றத்தில் ஆறு வெறும் சேறு. பழைய நாளில் கப்பல்கள் அந்தச் சேற்றில் சாய்ந்து கிடந்தன. 1809-இல் வில்லியம் ஜெசப் என்ற இன்ஜினீயர் பழைய ஆற்றைக் கதவு போட்டு அடைத்து, ஏறி இறங்கும் தண்ணீருக்குப் பக்கத்தில் வேறு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார். அன்று முதல் உள்ளே எப்போதும் தண்ணீர். பெயரே மிதக்கும் துறைமுகம். படகுகள் நிற்கும் மரினா அதற்குள்தான். வெளியிலிருந்து உள்ளே போக, இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு நீண்ட தொட்டி வழியாகப் போக வேண்டும். அதற்குப் பெயர் லாக். இப்போது புழங்குவது 1873-இல் கட்டியது.

கதவு அமைப்பை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கதவுகள் நேர்கோட்டில் மூடாமல், உயரமான தண்ணீர் இருக்கும் பக்கமாகக் கூம்பி நிற்கும். தண்ணீரின் அழுத்தமே அவற்றை இறுக்கி மூடும். இரண்டு பக்கத்து மட்டத்திலும் ஒரு முழம் வித்தியாசம் இருக்கிற வரையில் தள்ளித் திறக்க முடியாது. மதகு வழியாகத் தண்ணீர் வந்து மட்டம் சமமானதும் எதிர்ப்பே இல்லாமல் திறந்துகொள்ளும். லியோனார்டோ டா வின்சி மிலானில் போட்ட வரைபடத்திலேயே இந்தக் கூம்புக் கதவு இருக்கிறது.

உள்ளே நுழைவதற்கு முன் படகுக்காரர் எனக்குப் பாடம் நடத்தினார். படகு சுவரில் உரசாமல் இருக்க இரண்டு பக்கமும் ஃபெண்டர் தொங்க வேண்டும். இன்ஜினை அணைக்கக் கூடாது. கயிற்றின் ஒரு முனை படகில் கட்டியிருக்கும். மறு முனை மேலே சுவரில் இருக்கும் வளையத்தைச் சுற்றிப் படகுக்கே திரும்பி வர வேண்டும். திரும்பி வந்த முனையைப் படகில் இருக்கும் கிளீட் என்ற கொம்பில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிச்சு மட்டும் போடவே கூடாது. கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, கயிற்றுக்கும் கிளீட்டுக்கும் நடுவில் விரல் போகக் கூடாது. பக்கத்தில் ஒரு கத்தி.

கத்தி எதற்கு என்று அடுத்த தடவை வெளியே போகும்போது புரிந்தது. ஆற்று மட்டம் இன்னும் தாழ்வு, ஆகவே தொட்டித் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரோரம் ஒரு படகில் இருந்த பையன் போட்டோ எடுப்பதற்காகக் கயிற்றை கிளீட்டில் கட்டிவிட்டு முன்பக்கம் போனான். தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. ஒரு பக்கம் சுவரில் தொங்க, மறுபக்கம் தாழ, உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் எங்களுக்கே கேட்டது. இறுகிய முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது. லாக் கீப்பர் கத்திக்கொண்டே ஓடிப்போய் மதகை அடைத்தார். படகில் இருந்த பெண்மணி கயிற்றை அறுத்தார். கிளீட் பெயர்ந்து யார் முகத்திலாவது அடித்திருந்தால் கதை வேறு.

ஏறும்போது இதற்கு நேர்மாறு. கீழிருந்து பொங்கும் தண்ணீர் படகின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். தளர்கிற கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசந்தால் பக்கத்துப் படகில் மோதும்.

படகு ஐந்தாறு டன் எடை. அதைத் தூக்கியது தண்ணீர். என் கைபலம் அதை ஒரு அங்குலம்கூட உயர்த்தவில்லை. ஆனாலும் மேலே வந்து சேர்ந்தபோது எனக்குத் தோள் வலித்தது. நான் அவ்வளவு நேரம் செய்தது, தூக்குகிறவன் தூக்கும்போது படகு விலகிப் போகாமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டது மட்டும்தான். விலக்காமல் இருப்பது இத்தனை வேலை வாங்கும் என்று எந்தக் காலட்சேபத்திலும் எனக்கு உறைத்ததில்லை. கட்டிவிட்டுப் போவதும் சுலபம், கைவிட்டுப் போவதும் சுலபம். ரிட்டயரான பிறகும் ஆபீசுக்குப் போய் ஷட்டரை எப்படித் திறப்பது என்று இளம் இன்ஜினீயர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த சீனியர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். தண்ணீர் இறங்கியது, அவர் இறங்கவில்லை.

இறங்கும்போது ஒரு தடவை மனைவி படகுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "பூனைக்குட்டி கயித்தைப் பிடிச்சுண்டு நிக்கறதே!" என்றாள்.

"பிடிச்சுக்கலை. விட்டுண்டிருக்கேன்" என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

பூனைக் கட்சியின் ஆசாரியர் சும்மா இருந்தவரா என்றும் பார்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்தின் மேல் டில்லிப் படை வந்தபோது உற்சவர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனவர் பிள்ளை லோகாசாரியர்தான். தள்ளாத வயதில் வழியிலேயே ஜோதிஷ்குடியில் பரமபதித்தார் என்கிறது குருபரம்பரை. தன்னைக் காப்பவனைத் தானே காத்துக்கொண்டு போனார். அதே படையெடுப்பில் சுருதப்பிரகாசிகை என்ற உரைநூலின் சுவடியை மீட்டுக்கொண்டு போனார் தேசிகர் என்கிறது அதே மரபு. குரங்கும் பூனையும் அன்றைக்கு ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன.

ஆனால் தேசிகர் பக்கத்துக் கேள்வி ஒன்று பாக்கி. அருளுக்கு நம்மிடமிருந்து எதுவுமே வேண்டாமென்றால் எல்லாரும் ஏன் ஒரே நேரத்தில் கரையேறவில்லை? பிரிஸ்டலில் ஏற்றத்துக்கு முந்தைய சில மணிநேரம்தான் படகுகளை உள்ளே எடுப்பார்கள். கடைசிக் கதவு மூடியபின் வந்தவன் அடுத்த ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவன் எதையும் விலக்கவில்லை, நேரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். இதற்குத் தென்கலையில் நான் படித்த பதில், பெருமாள் சுதந்திரன், அவன் இஷ்டம் என்பது. எனக்கு அது போதவில்லை. ஈடு, ஸ்ரீவசனபூஷணம் போன்ற நூல்களை முறையாகப் பாடம் கேட்டவர்கள் யாராவது இதற்கு விடை எழுதினால் நன்றியோடு கேட்டுக்கொள்கிறேன். காஞ்சிபுரத்துக்காரர்கள் எழுத வேண்டாம். அந்தப் பதில் வீட்டிலேயே கிடைக்கிறது.