நிரலாளரின் வேடிக்கை விதிகளும் அறிவின் எல்லையும்

மென்பொருள் எழுதுவோரிடையே பாதி வேடிக்கையாகவும் பாதி எச்சரிக்கையாகவும் வழங்கும் விதிகள் பல உண்டு. ஒரு வேலையின் முதல் 90 சதவீதத்துக்கு 90 சதவீத நேரம் பிடிக்கும், மிச்சமுள்ள 10 சதவீதத்துக்கு இன்னொரு 90 சதவீத நேரம் பிடிக்கும் என்பது அவற்றில் ஒன்று. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டாம் கார்கில் சொன்ன இந்த விதி, 1985-இல் ஜான் பென்ட்லி எழுதிவந்த பத்தியின் வழியே பரவியது. கூட்டிப் பார்த்தால் 180 வருகிறது, சிரிப்பு அங்கேதான். அந்தக் கூடுதல் 80-ஐத்தான் ஒவ்வொரு டெட்லைனும் தவறவிடுகிறது. இத்தகைய விதிகளை அலுவலகத் தமாஷ் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஒதுக்கக் கூடாதவை அவை. தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இரண்டு கேள்விகளை அவை சுமந்து நிற்கின்றன. தான் ஆக்கிய ஒன்றைப் பற்றி ஒருவரால் எவ்வளவு அறிய முடியும்? அறிந்த பிறகும் அதே தவறு ஏன் திரும்பத் திரும்ப நேர்கிறது?

முதல் கேள்வி இந்தத் தொழில் பிறந்தபோதே எழுந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், சில வாரங்களுக்குள் ஒரு கணிதச் சமன்பாட்டுக்கு நிரல் எழுதி ஓடவைக்க முயன்றார். நாடா துளையிடும் அறைக்கும் கணினி இருந்த அறைக்கும் இடையே படிக்கட்டில் போய்வந்துகொண்டிருந்தபோது, தன் எஞ்சிய வாழ்நாளில் கணிசமான பகுதி தன்னுடைய நிரலிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என்று உறைத்ததாகப் பின்னாளில் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதுவரை இயந்திரம் செய்வதுதான் கடினம், அதற்குக் கட்டளை எழுதுவது சுலபம் என்ற எண்ணமே பொதுவாக இருந்தது. இயந்திரம் சொன்னதைச் செய்தது. தான் சொன்னது தான் நினைத்ததுதானா என்பது சொன்னவருக்கே தெரியவில்லை.

இது ஏன் என்பதற்கு ஃபிரெட் புரூக்ஸ் தந்த விளக்கம் சமயச் சிந்தனையிலிருந்து வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற பெரும் இயங்குதளப் பணியை நடத்தியவர் அவர்; ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். அந்த அனுபவத்தை வைத்து 1975-இல் அவர் வெளியிட்ட நூலில், எழுத்தாளர் டோரதி சேயர்ஸின் கருத்து ஒன்றை எடுத்தாள்கிறார். சேயர்ஸ் 1941-இல் எழுதிய இறையியல் நூல், மனிதப் படைப்பை மூன்று நிலைகளாகக் காண்கிறது: மனத்தில் முழுமையாக நிற்கும் கருத்து, காலத்திலும் பொருளிலும் அதன் ஆக்கம், பிறரிடம் அது செயல்படும் விதம். கிறிஸ்தவ மரபின் மூவொருமைக் கோட்பாட்டை அவர் இந்த மூன்றின் வழியாக விளக்கினார். புரூக்ஸ் இதிலிருந்து எடுத்த முடிவு கூர்மையானது. தச்சருக்கு மரம் எதிர்ப்புக் காட்டுகிறது, சிற்பிக்குக் கல் எதிர்ப்புக் காட்டுகிறது. கருத்தில் உள்ள குறையைக்கூட அவர்கள் பொருளின் மேல் போட்டுவிட முடியும். நிரலாளர் கையாள்வது கிட்டத்தட்ட எண்ணத்தையே. எதிர்ப்பே இல்லாத பொருள் என்பதால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. எண்ணமே குறையுள்ளது என்பதால் பிழையும் பிறக்கிறது. பழிபோட வேறு பொருள் இல்லாத ஒரு தொழில் தன் விதிகளைத் தன்னைப் பார்த்துச் சிரித்தே வகுத்துக்கொண்டது இயல்பு.

சோதனை பற்றிய விதிக்கு இங்கே அதிக இடம் தர வேண்டும். நிரலில் பிழை இருக்கிறது என்பதைச் சோதித்துக் காட்டலாம், பிழை இல்லை என்பதைச் சோதித்துக் காட்டவே முடியாது என்ற கருத்தை 1969-இல் ரோமில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டில் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா முன்வைத்தார். 1972-இல் டூரிங் விருது பெற்றபோது அவர் ஆற்றிய உரையின் தலைப்பே அடக்கமுள்ள நிரலாளரைப் பற்றியது. கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. 32 பிட் எண்கள் இரண்டைக் கூட்டும் ஒரு சிறு பகுதியை எல்லா எண்களையும் இட்டுச் சோதிப்பதென்றால், விநாடிக்கு 100 கோடி சோதனை வீதம் ஓட்டினாலும் 580 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இல்லாமையை எப்படி அறிவது என்பது இந்தியத் தத்துவத்தில் தனியொரு வாதம். பாட்ட மீமாம்சகர் அதற்கென்று தனி அளவையே வகுத்தனர். நியாயத்தார் அது காட்சியில் அடங்கும் என்றனர். தமிழில் 13-ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகள் பத்தை எண்ணும்போது இல்லாமையாகிய அபாவத்தையும் சேர்த்து எண்ணி, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். இந்த வாதங்களில் ஒரு நிபந்தனை பொதுவாக ஏற்கப்பட்டது. தரையில் பானை இல்லை என்று சொல்ல, பானை கண்ணில் படவில்லை என்பது மட்டும் போதாது. இருந்திருந்தால் கட்டாயம் பட்டிருக்கும் என்ற நிலை வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் காணாமை சான்றாகும், இருட்டறையில் ஆகாது. டெய்க்ஸ்ட்ராவின் விதிக்கு இதைவிடப் பொருத்தமான உரை இல்லை. ஆயிரம் சோதனைகள் பிழையின்றித் தேறியது சான்றா என்ற கேள்விக்கு, பிழை இருந்திருந்தால் அந்த ஆயிரத்தில் ஒன்றாவது அதைத் தொட்டிருக்குமா என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் இது கண்முன் நடந்தது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து புறப்பட்ட அந்த ராக்கெட், 40 விநாடிகள் கடப்பதற்குள் திசை மாறிச் சிதறியது. அதன் திசையறி கருவியில் ஓடிய நிரல், முந்தைய ஏரியான் 4-இல் பல பயணங்களில் குறையின்றி உழைத்தது. கிடைமட்ட வேகம் தொடர்பான ஓர் எண்ணை 64 பிட் வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் கட்டளை ஒன்று அதில் இருந்தது. கூட்டல் கழித்தல் குறியோடு எழுதும் 16 பிட்டில் 32,767-க்கு மேல் கொள்ளாது. இப்படி மாற்றப்படும் ஏழு எண்களில் நான்குக்குப் பாதுகாப்பு வைத்தார்கள். மற்ற மூன்றும் அந்த எல்லையைத் தாண்ட வழியே இல்லை என்று கணக்குப் போட்டு, கணினியின் சுமையைக் குறைப்பதற்காக விட்டுவிட்டார்கள். ஏரியான் 4-இன் பாதைக்கு அந்தக் கணக்கு சரி. ஏரியான் 5 வேறு பாதையில், கூடுதல் கிடைமட்ட வேகத்தோடு பறந்தது. எண் எல்லையைத் தாண்டியது, கருவி நின்றது. மாற்றாக இருந்த இரண்டாவது கருவியும் அதே நிரலை ஓட்டியதால், அதே பிழையால் அதற்குச் சற்று முன்பே நின்றுபோயிருந்தது. கருவி அனுப்பிய பிழைக்குறிப்பைப் பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்ட முதன்மைக் கணினி, ராக்கெட்டைத் தவறான பக்கம் திருப்பியது. அந்தக் கட்டளை அடங்கிய பகுதிக்கு ஏரியான் 5 புறப்பட்ட பிறகு எந்த வேலையுமே இல்லை.

ஏரியான் 4-இன் வெற்றிகள் அனைத்தும் இருட்டறையின் காணாமைதான். பிழை அங்கேயே இருந்தது. அது தெரியும்படியான வேகத்தை எந்தப் பயணமும் எட்டவில்லை. ஓடுகிற நிரலில் கைவைக்காதே என்று நிரலாளர் சொல்லும் விதியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த விதியில் அனுபவம் உண்டு; ஆனால் ஓடுவது என்பது எந்தப் பாதையில், எந்த எல்லைக்குள் என்பதை அது சொல்வதில்லை.

சோதனை போதாது என்றால் கணித நிரூபணம் போதுமா? டொனால்ட் கனூத் 1977-இல் சக அறிஞர் ஒருவருக்கு அனுப்பிய குறிப்பில், இணைத்துள்ள நிரல் சரி என்று தான் நிரூபித்திருப்பதாகவும், ஓட்டிப் பார்க்கவில்லை என்பதால் எச்சரிக்கையோடு கையாளுமாறும் எழுதினார். நிரூபணம் நிரலைப் பற்றியது. உலகம் நிரலுக்கு எதைக் கொடுக்கும் என்பதை நிரூபணத்துக்குள் எழுதியவர் ஒரு மனிதர். இதற்கு அப்பால் கணிதமே போட்ட வேலியும் உண்டு. கொடுத்த நிரல் என்றாவது நிற்குமா என்பதை எல்லா நிரல்களுக்கும் தீர்மானித்துச் சொல்லும் பொதுவழி இருக்க முடியாது என்று ஆலன் டூரிங் 1936-இல் காட்டினார். நிரல்களின் நடத்தை பற்றிய முக்கியமான எந்தக் கேள்விக்கும் அப்படிப்பட்ட பொதுவழி இல்லை என்று ஹென்றி ரைஸ் 1953-இல் விரித்தார். குறிப்பிட்ட ஒரு நிரலைப் பற்றி நிறைய அறியலாம். எல்லாவற்றையும் அறிந்துவிடும் ஒரே முறைதான் கிடையாது.

பிரையன் கெர்னிகன் பெயரால் வழங்கும் விதி இந்த எல்லையை இயந்திரத்திலிருந்து மனிதரிடம் கொண்டுவருகிறது. பிழை திருத்துவது எழுதுவதைப் போல இரு மடங்கு கடினம்; ஆகவே தன் முழுச் சாமர்த்தியத்தையும் காட்டி எழுதியவருக்கு, எழுதியதைத் திருத்தும் திறமை மீதியிருக்காது. எழுதியவருக்கே புரியும் என்ற நம்பிக்கை இங்கே அடிபடுகிறது. படைத்தவருக்குத் தன் படைப்பு முழுதும் வெளிச்சம் என்று இறையியலில் கடவுளுக்குச் சொல்லப்படுவது மனிதப் படைப்பாளிக்குப் பொருந்தாது.

அறிந்த பிறகும் தவறுவது ஏன் என்ற இரண்டாவது கேள்விக்கு வந்தால், அங்கே நிற்பது டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டரின் விதி. 1979-இல் வெளிவந்த நூலில், சதுரங்கம் ஆடும் கணினியைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் அதைச் சொல்கிறார். எந்த வேலையும் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடிக்கும், இந்த விதியையே கணக்கில் எடுத்துக்கொண்டாலும்கூட. சொல்லுக்குச் சொல் எடுத்தால் இது முடிவில்லாத சுழல்: விதிக்காக ஒரு மாதம் கூட்டினால், அந்தக் கூடுதலுக்கும் விதி பொருந்தும், எவ்வளவு கூட்டினாலும் போதாது. அப்படியானால் எந்த வேலையும் முடியக் கூடாது. வேலைகள் முடிகின்றன. ஆகவே விதி பேசுவது வேலையைப் பற்றி அல்ல, மதிப்பிடும் மனத்தைப் பற்றி என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த மனத்தை உளவியலாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரிப் பதில் ஏறத்தாழ 34 நாள். எல்லாமே தடங்கலாய்ப் போனால் என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 நாள் என்றார்கள். ஆனது ஏறத்தாழ 55 நாள். மோசத்திலும் மோசம் என்று நினைத்துச் சொன்னதையும் நடப்பு தாண்டிவிட்டது. ஹாஃப்ஸ்டாட்டரின் கடைசிச் சொற்றொடர் சொல்வது இதைத்தான்.

தெரிந்தும் தவறுவது எப்படி என்பது கிரேக்கர்களைப் பிடித்து உலுக்கிய கேள்வி. உண்மையில் அறிந்தவர் அதற்கு மாறாக நடக்கவே மாட்டார் என்ற வாதத்தைப் பிளேட்டோவின் புரோட்டகோரஸில் சாக்ரடீஸ் நடத்துகிறார். அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் ஏழாம் பகுதியில் வேறுவிதமாகப் பிரிக்கிறார்: ஒருவருக்குப் பொது உண்மை தெரிந்திருக்கும், ஆனால் முன்னால் இருக்கும் இந்தக் காரியம் அதில் அடங்கும் என்பது அந்த நேரத்தில் உறைத்திருக்காது. நிரலாளர் நிலை இதற்கு மிக நெருங்கியது. திட்டங்கள் தாமதமாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தன் மேசையில் உள்ள திட்டம் மட்டும் தெளிவாக, எளிதாக, விதிவிலக்காகத் தெரிகிறது. மன உறுதிக் குறைவு என்று இதைத் திட்டுவதில் பயனில்லை. உள்ளிருந்து பார்ப்பவருக்குத் திட்டத்தின் படிகள் தெரியும், இன்னும் நேராத தடங்கல் தெரியாது. பழைய திட்டங்கள் எத்தனை நாள் இழுத்தன என்று வெளியிலிருந்து எண்ணிப் பார்ப்பவருக்குத் தடங்கலும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடுகிறது.

அப்படியானால் மருந்து இன்னும் ஆழ்ந்த சுயசிந்தனை அல்ல, வெளிக்கண். கோட் ரிவியூ, எழுதியவர் அல்லாத டெஸ்டர், முடிந்த திட்டங்களின் பதிவேடு எல்லாம் இதற்கான ஏற்பாடுகள். வெளிக்கண்களை அள்ளிப் போட்டால் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. தாமதமான பணியில் ஆளைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது புரூக்ஸின் விதி. 5 பேர் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் போதும், 10 பேருக்கு 45 வேண்டும். புதியவருக்குக் கற்றுத்தருவதும் பழையவர்தான். பார்ப்போர் பலரானால் எந்தப் பிழையும் மேலோட்டமாகிவிடும் என்று எரிக் ரேமண்ட் லினக்ஸை முன்வைத்துச் சொன்ன விதிக்கும் வரம்பு உண்டு. இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் எல்லாரும் பார்க்கத் திறந்தே கிடந்தது. 2012 மார்ச்சில் அதன் வெளியீட்டோடு வந்த ஹார்ட்பிளீட் என்ற பிழை 2014 ஏப்ரலில்தான் அம்பலமானது. பார்க்க முடியும் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு.

இந்த விதிகளை இயற்கை விதிகளோடு சேர்க்கக் கூடாது. தன் விதி மட்டுமீறி எளிமைப்படுத்தப்பட்டது என்று புரூக்ஸே அதைச் சொல்லும் இடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஹாஃப்ஸ்டாட்டரின் நூலோ, எவரையும் வெல்லும் நிரல் சதுரங்கம் மட்டும் ஆடத் தெரிந்ததாக இருக்காது என்று ஊகித்தது. சதுரங்கத்துக்காகவே கட்டப்பட்ட டீப் புளூ கணினி 1997-இல் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது. விதிகளை வகுத்தவர்களும் விதிகளுக்குள்தான் இருக்கிறார்கள். அவற்றின் மதிப்பு, பேசுபவரையும் விட்டுவைக்காமல் எல்லையைக் காட்டுவதில் இருக்கிறது. சிரிப்பின் வடிவம் அதற்கு உதவுகிறது: நேராகச் சொன்னால் குற்றச்சாட்டாகிவிடுவதை, சிரித்துச் சொன்னால் கேட்பவர் தன்னைப் பற்றியதாக ஏற்றுக்கொள்கிறார்.

எல்லையை ஏற்பது முயற்சியைக் கைவிடுவதாகாது. கனூத் தன்னுடைய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்தார். 2.56 டாலரில் தொடங்கி ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டாலரில் அந்தத் தொகை நின்றது. திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணில் பை எண்ணின் ஓர் இலக்கம் கூடும். 2021-இல் அது 3.141592653 ஆனது. தன் மறைவுக்குப் பிறகு பதிப்பு எண் பை என்றே மாற்றப்பட வேண்டும், அதற்குப் பின் நிரலில் யாரும் கைவைக்கக் கூடாது, மிஞ்சியிருக்கும் பிழைகள் மென்பொருளின் நிரந்தர அம்சங்களாகிவிடும் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார்.