சுவைக்கவும் கற்க வேண்டுமா?

நாற்பது வயதைக் கடந்த ஒருவர், பகலெல்லாம் உழைத்துக் களைத்த பின், மாலை வகுப்பொன்றில் அமர்ந்து ஓவியத்தையும் இசையையும் சுவைப்பது எவ்வாறு என்று பாடம் கேட்கிறார் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். கணினி கற்றால் வேலை கிடைக்கும். கணக்குக் கற்றால் கடை நடத்தலாம். மார்க்கக் கல்வி மறுமைக்குத் துணை நிற்கும். ஓவியத்தைப் பார்க்கக் கற்று யாது பயன்? பசித்தவனுக்கு உண்ணக் கற்றுக் கொடுக்க வேண்டுமா? அழகு கண்ணில் பட்டால் மனம் தானே மகிழாதா?

இவ்வாறு கேட்பது இயல்பே. ஆயினும் இதனுள் இரு வினாக்கள் கலந்து கிடக்கின்றன. சுவை என்பது கற்றுக் கொடுக்கக் கூடியதா என்பது ஒன்று. கற்றுக் கொடுக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், குடும்பப் பொறுப்புடைய மனிதர் அதற்காகத் தம் நேரத்தைச் செலவிடுவது முறையா என்பது மற்றொன்று. இவற்றை வெறும் ஊகத்தால் ஆராய்வதைவிட, நிகழ்ந்த ஒன்றை முன்வைத்து ஆராய்வது நலம்.

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்துப் பகுதியில், ஆஷிங்டன் என்றோர் ஊர் உண்டு. அக்காலத்தில் நிலக்கரிச் சுரங்கமே அவ்வூரின் வாழ்வாக இருந்தது. உழைக்கும் மக்களுக்கு உயர்கல்வி வழங்குவதற்கென 1903இல் தோன்றிய தொழிலாளர் கல்விச் சங்கம் அங்கும் வகுப்புகள் நடத்தி வந்தது. 1934இல் அச்சங்கத்தின் வழியே கலையைச் சுவைக்கும் வகுப்பொன்று தொடங்கிற்று. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களுள் ஒருவரான ஆலிவர் கில்போர்ன் 13 வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர். ஆசிரியராக வந்தவர் நியூகாசில் கல்லூரியில் ஓவியம் கற்பித்த ராபர்ட் லையன்.

ஆசிரியர் வழக்கம்போல் இத்தாலிய ஓவிய மேதைகளின் படங்களைத் திரையில் காட்டி விளக்கினார். மாணவர்களுக்கு நிறைவு உண்டாகவில்லை. இது சிறந்த ஓவியம் என்று அவர் சொல்வதை ஏற்றுக்கொண்டு வீடு திரும்ப அவர்கள் விரும்பவில்லை. அது சிறந்தது என்பதைத் தாமே எவ்வாறு கண்டுகொள்வது என்று அறிய விரும்பினார்கள். லையன் அறிவுடைய ஆசிரியர். தம் பாடமுறையையே மாற்றிக்கொண்டார். நீங்களே வரைந்து பாருங்கள் என்றார். லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்தார்கள். பிறகு வண்ணம் தீட்டினார்கள். ஒருவர் வரைந்து வந்ததை எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக் குறைநிறைகளைப் பேசினார்கள். நிலத்தின் அடியில் குனிந்து கரி வெட்டும் தோழர்களையும், தங்கள் வீட்டு அடுக்களையையும், காய்கறித் தோட்டத்தையும், வளர்த்த நாயையும் அவர்கள் வரைந்தார்கள். 1936இல் லண்டன் சென்று பெரிய கலைக்கூடங்களைக் கண்டபோது, முன்பு திரையில் வெறும் நிழலாகத் தோன்றியவை இப்போது ஒரு மனிதன் எதிர்கொண்ட சிக்கலாகவும் அதற்கு அவன் கண்ட தீர்வாகவும் அவர்களுக்குப் புலப்பட்டிருக்கும். இந்த ஒளியை இவன் எங்கிருந்து கொண்டு வந்தான், இந்தக் கையை ஏன் இருளில் விட்டான் என்று கேட்க, தூரிகை பிடித்துத் தோற்றுப் பார்த்தவனுக்கே தோன்றும்.

அக்குழு 1980களின் முற்பகுதி வரை தொடர்ந்து இயங்கியது. அவர்களுட் பலர் ஓவியத்தைப் பிழைப்பாக்கிக் கொள்ளாமல் சுரங்க வேலையிலேயே இருந்தார்கள். அந்த ஓவியங்கள் இன்று பழைய உட்ஹார்ன் சுரங்கத்தின் இடத்தில் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளன.

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். சுவையைக் கற்பிக்க இயலும். ஆனால் கட்டளையிட இயலாது என்பதே ஆஷிங்டன் நமக்குத் தரும் விடை. பெரியோர் புகழ்ந்தார்கள், ஆகவே நாமும் புகழ்வோம் என்பது சுவையாகாது. அதற்கு நம் மரபில் தக்லீது என்று பெயர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் வாழ்வைப் பற்றி எழுதுமிடத்து, இளமையிலேயே அந்தத் தக்லீதின் தளை தம்மைவிட்டு அவிழ்ந்ததைக் கூறுகிறார்கள். பிறர் சொல்லைச் சுமப்பதற்கும் தானே அறிவதற்கும் உள்ள தொலைவை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அறிவிலே இத்தொலைவை ஒப்புக்கொள்ளும் நாம், அழகிலே மட்டும் அதை மறந்துவிடுகிறோம். பிறர் மெச்சிய பாடலை மெச்சுகிறோம். பிறர் வாங்கிய படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுகிறோம்.

இசையைப் பொறுத்த மட்டில் நம் ஆலிம்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஒன்றை மட்டும் நினைவூட்டுவோம். கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் செவியேற்றலுக்கெனத் தனி நூலொன்றை ஒதுக்கினார்கள். எது கேட்கப்படுகிறது என்பதோடு நில்லாமல், யார் கேட்கிறார், எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடன், எத்தகைய உள்ளத்தோடு கேட்கிறார் என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். கேட்பவன் பொறுப்பற்றவனல்லன் என்பது இதிலிருந்து விளங்கும். ஆகும், ஆகாது என்று இரு பக்கமும் வாதிடுவோர் நம்மிடையே பலர். கேட்டு ஆராய்ந்து வாதிடுவோரோ சிலர். காதில் விழும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் இக்காலத்தில், செவியைப் பழக்குவது விலக்கலை மேற்கொள்பவருக்கும் தேவையான பயிற்சியே.

இரண்டாவது வினா கடினமானது. அண்டை வீட்டில் பசி இருக்கையில் அழகைப் பற்றிப் பாடம் கேட்பது முறையா? பசிக்கு முதலிடம் என்பதில் நமக்கு ஐயமில்லை. பசித்தவனின் பங்கை எடுத்து ஓவியம் வாங்குபவனை நாம் போற்ற மாட்டோம். ஆனால் உழைப்பவனுக்கு உணவும் கூலியும் போதும், அழகு அவனுக்கு மிகை என்று கூறுவோமாயின், அவனை நாம் மனிதனாக எண்ணுகிறோமா, கருவியாக எண்ணுகிறோமா? கருவிக்குத்தான் எண்ணெய் போதும். ஆஷிங்டன் தோழர்கள் நாள் முழுதும் இருளில் வேலை செய்தவர்கள். வெளிச்சத்தைப் பற்றி அறியும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

வயதைக் காட்டித் தடுப்பதும் சரியன்று. இளமையில் கற்பவன் தேர்வுக்காகக் கற்கிறான். நடுவயதில், சான்றிதழும் ஊதியமும் எதிர்பாராமல் கற்பவன் அறிவுக்காகவே கற்கிறான். இழப்பும் பிரிவும் கண்ட கண்ணுக்கு ஓர் ஓவியத்தின் முகத்தில் தெரிவது, பதினாறு வயதுக் கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனில் 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலையிலும் வீட்டிலும் கட்டுண்டிருந்த வளர்ந்தோருக்குக் கலையும் இசையும் அடங்கிய பாடங்களை வழங்கத் துணிந்ததும் இந்த நம்பிக்கையினால்தான்.

நம் கண்களையும் சற்றே சோதித்துக் கொள்வோம். கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியில், தமிழ்ச் சிற்பிகளின் மரபில் அமைந்த கல்தூண்கள் இருக்கின்றன. அவற்றின் மீது சாய்ந்து அமர்ந்தவர் எத்தனையோ பேர். அவற்றுள் ஒரு தூணையேனும் அடிமுதல் முடிவரை பார்த்தவர் எத்தனை பேர்? நம் வீடுகளில் தொங்கும் அரபு எழுத்தணிக்கும் இதே கதிதான். ஒவ்வோர் எழுத்தின் உயரத்தையும் எழுதுகோல் இடும் புள்ளியால் அளந்து எழுதும் நுட்பம் அதனுள் இருக்கிறது. நமக்கோ அது சுவரை மறைக்கும் சட்டம்.

கண்ணும் செவியும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதத்தைக் காப்பது மட்டும் போதாது. அதைப் பயன்கொள்ளவும் கற்க வேண்டும். நம் ஊர்களின் நூலகங்களிலும் மன்றங்களிலும் வாரத்தில் ஒரு மாலை, பத்துப் பேர் கூடி ஒரு படத்தையோ ஒரு பாடலையோ ஒரு கட்டடத்தையோ பொறுமையாக ஆராய்ந்தால் செலவு ஒன்றும் ஆகாது. கூட்டத்தில் ஒருவர், இது எனக்கு அழகாகத் தோன்றவில்லையே என்று அஞ்சாமல் சொல்லட்டும். மற்றவர் ஏன் என்று கேட்கட்டும். அங்கிருந்துதான் கல்வி தொடங்கும்.