விலை கூறா வித்தையும் கைங்கர்ய நெறியும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மலையின் 365 படிகளை ஏறுகிறவர்களும், இவ்வழியே திருவேங்கடம் நோக்கி நடக்கிறவர்களும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர் நம் திருத்தணி. உத்ஸவ மலருக்கு ஒரு தத்துவ விசாரம் எழுதும்படி பெரியோர் நியமித்தனர். அடியேன் விசாரிக்கத் துணிந்த வினா இது: ஒருவனுக்கு உதவி செய்வதும், அவனை நம் உதவி வேண்டாதவனாக ஆக்குவதும் ஒன்றுதானா? வேறாயின், எது கைங்கர்யம்?

இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன், பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பிள்ளை தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஸந்நிதிக்கு வருவான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். அடியேன் சந்தை சொல்லுகையில் தூணோரம் அமர்ந்து, கேட்டே திருப்பாவை முப்பதும் பாடம் செய்துவிட்டான். ஒருநாள் அடியேன் கையிலிருந்த பழைய அச்சுப் புத்தகத்தை வாங்கி விரலால் தடவினான். “ஏதோ மேடு பள்ளம் தெரிகிறது, ஸ்வாமி, ஆனால் ஒன்றும் பேசவில்லையே! இதை நானே படிக்க வழி உண்டா?” என்றான். “உனக்கு எதற்கப்பா அந்தச் சிரமம்? நான் வாசித்துக் காட்டுகிறேன்” என்றேன். அதனைத் தயை என்றே அன்று எண்ணினேன். வாசித்துக் காட்டியதோ ஐந்தாறு நாட்களே. பின்னர் வேலைகள் குறுக்கிட்டன. பிள்ளையும் வருவதை நிறுத்திவிட்டான்.

சென்ற உத்ஸவத்தில் அவரே வந்தார். இப்பொழுது ஒரு பள்ளியில் ஆசிரியர். மண்டபத்தில் அமர்ந்து மடிக்கணினியைத் திறந்து, விசைகளைத் தட்ட, அது பெரியாழ்வார் திருமொழியை வாசிக்கத் தொடங்கியது. வேண்டிய இடத்தில் நிறுத்தினார். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லச் செய்தார். “இதற்கு என்ன விலை?” என்றேன். “விலையில்லை, ஸ்வாமி. என்னைப் போன்றவர்களே செய்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள்” என்றார்.

அடியேன் விசாரித்தறிந்தது இது. திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். முன்னாளில் அதன் விலை கணினியின் விலையைக் காட்டிலும் மிகுதியாயிருந்தது. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்பவர் துணை சேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். பார்வையுள்ளவர் வாங்கும் கணினியைப் பயன்படுத்தப் பார்வையற்றவர் மட்டும் மேலும் பணம் கொடுப்பது எவ்வாறு நியாயமாகும் என்பதே அவர்கள் கேள்வி. இன்று அது தமிழ் உட்பட 50க்கும் மேற்பட்ட மொழிகளில் வழங்குகிறது. மொழிபெயர்த்தவர்களுள் பெரும்பாலோர் தொண்டர்களே. அதற்குள் ஒலிக்கும் குரல் ஜோனதன் டடிங்டன் என்பவர் தொடங்கிய ஈஸ்பீக் என்னும் மற்றொரு இலவச நிரலிலிருந்து வந்தது. அக்குரல் தமிழும் அறியும்.

குரல் இருந்தாலும் படிக்க ஏடு வேண்டுமன்றோ? 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைக் கணினியில் எழுத்தெழுத்தாக ஏற்றினர். அவற்றுள் நாலாயிர திவ்ய ப்ரபந்தமும் ஒன்று. தட்டச்சு செய்தவர்களுள் எத்தனை பேர் இப்படியொரு பிள்ளையை நினைத்திருப்பர்? ஆயினும் அவர்கள் உழைப்பு அவரிடம் வந்து சேர்ந்தது.

இத்தகைய மென்பொருளுக்கு ஒரு தர்மம் உண்டு. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் அதனை வகுத்தது. பெற்றவன் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். என்.வி.டி.ஏ. ஏற்றுக்கொண்ட உரிமம், வழங்குகிறவன் தான் பெற்ற அதே உரிமையைப் பெறுகிறவனுக்கும் அளித்தே தீரவேண்டும் என்கிறது. இதைக் கேட்டபோது அடியேனுக்குத் திருக்கோஷ்டியூர் நினைவுக்கு வந்தது. பதினெட்டு முறை நடந்து பெற்ற ரஹஸ்யத்தை உடையவர் ஆசையுள்ள அனைவருக்கும் வெளியிட்டருளினார் என்று குருபரம்பரை கூறும். பெறுவதற்குரிய தகுதி பெற வேண்டும் என்னும் ஆசையே என்று அன்று நிலைபெற்றது. அடியேனிடம் வந்த பிள்ளைக்கு அத்தகுதி நிரம்ப இருந்தது. அதனை அறியாதவன் அடியேனே.

இனி வினாவுக்கு வருவோம். ஜீவன் எம்பெருமானுக்கே பரதந்த்ரன் என்பது நம் ஸித்தாந்தம். பாகவதர்களுக்கும் அடிமைப்பட்டிருத்தல் அதனினும் உயர்ந்தது என்பர் பூர்வாசார்யர்கள். அவ்வாறாயின், ஒருவன் மற்றொருவனைச் சார்ந்து வாழ்வதில் குறையென்ன என்று கேட்கலாம். விடை இது: ‘நான் அவனுக்கு அடியேன்’ என்பது ஸ்வரூப ஞானம், ‘அவன் என்னைச் சார்ந்தே இருக்கட்டும்’ என்பது அஹங்காரம். அடிமை என்பது தான் உவந்து பூணுவது; பிறர்மேல் ஏற்றுவதன்று. “நான் வாசித்துக் காட்டுகிறேன்” என்ற அடியேனுடைய சொல்லில், அடியேன் ஓய்வாயிருக்கும்போது மட்டுமே அவன் படிக்கலாம் என்னும் நிபந்தனை ஒளிந்திருந்தது. தயை என்று எண்ணியது, எம்பெருமானுக்குரிய இடத்தில் அடியேன் அமர்ந்த அபசாரமே.

இரண்டு ஆக்ஷேபங்கள் எழும். இயந்திரத்தின் குரல் ஆசார்ய முகத்துக்கு ஈடாகுமோ? ஆகாது. சந்தை முறை சந்தை முறையே. ஸ்வரமும் பாவமும் இயந்திரத்திற்கு வாரா. ஆயினும் பார்வையுள்ள நாம் சந்தை முடிந்தபின் வீட்டில் புத்தகத்தைப் புரட்டுகிறோமே, அந்த ஏகாந்தம் அவருக்கும் வேண்டாமோ? அடுத்து, இலவசமாய்க் கொடுத்தால் செய்கிறவன் எப்படி உண்பான்? நியாயமான கேள்வி. அர்ச்சகனும் ஸம்பாவனை பெற்றே குடும்பம் நடத்துகிறான்; அதனால் தீர்த்தத்துக்கு விலை வைப்பதில்லை. என்.வி.டி.ஏ.யும் 2007இல் நிறுவிய அறநிலையம் ஒன்றின் வாயிலாக, அன்பர்கள் தரும் நன்கொடையைப் பெற்று நடக்கிறது. ஆகவே விலை கூறாமை வேறு, உழைத்தவனைப் பட்டினி போடுதல் வேறு. பயன்பெறுகிறவர்கள் இதனை மறத்தலாகாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. வாங்குகிறவர் என்று நாம் எண்ணியவரே இங்கே வழங்குகிறவராயினர். இது நமக்குப் புதிதன்று. கூரத்தாழ்வான் கண்ணிழந்தபின் இரங்கத்தக்கவராயா வாழ்ந்தார்? வரதராஜஸ்தவம் அருளிச்செய்தார். கண்ணை வேண்டும்படி ஆசார்யர் நியமிக்க, தாம் பெறும் பேற்றைத் தம் கண்போகக் காரணமான நாலூரானும் பெறவேண்டும் என்றன்றோ பேரருளாளனிடம் வேண்டினார்! தனக்குக் கிடைத்தது பிறர்க்கும் கிடைக்க வேண்டும் என்னும் உள்ளத்தைக் கைங்கர்யம் என்னாது வேறு என்னென்பது?

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி பாரதத்தில் பார்வைக் குறையுள்ளோர் சுமார் 50 லட்சம். அவர்களுக்காக நூல்களை ஏற்ற வடிவில் வழங்க வழிசெய்யும் உடன்படிக்கை 2013இல் மர்ராகேஷ் நகரில் நிறைவேறியது. 2014இல் அதனை முதன்முதலாக உறுதிசெய்த நாடு நம் பாரதம். சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே ஏடுகளை எடுத்துவைக்க வேண்டியவர் நாம். புத்தகப் பக்கத்தைப் புகைப்படமாக எடுத்துக் கணினியில் ஏற்றினால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படமே, வாய்திறவாது. எழுத்தாக இருந்தால்தான் பேசும். ஆகையால் உத்ஸவக் குழுவினரிடம் அடியேன் ப்ரார்த்திப்பது: இம்மலரையும் எழுத்தாகவே வெளியிடுங்கள். அன்பர்களிடம் ப்ரார்த்திப்பது: தமிழும் தெலுங்கும் அறிந்த நீங்கள் வாரம் ஒரு நாழிகை ஒதுக்கி, ஸ்தல புராணத்திலோ வ்யாக்யானத்திலோ ஒரு பக்கமேனும் தட்டச்சு செய்து பிழை திருத்தித் தாருங்கள். திருமாலை கட்டுவதற்கு நிகரான கைங்கர்யம் இது.

அவ்வாசிரியர் விடைபெறும்போது, “அன்று தேவரீர் சொன்ன திருப்பாவைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்” என்று தண்டனிட்டார். தாம் கேட்டதையும் அடியேன் மறுத்ததையும் அவர் சொல்லவில்லை. அடியேன் மறக்கவில்லை. இப்பொழுது ஆழ்வார் திருநக்ஷத்திரத்திற்கு ஒரு வ்யாக்யானத்தை அடியேனே ஒரு விரலால் தட்டச்சு செய்துவருகிறேன். இதுவரை முடிந்தவை பதினோரு பக்கங்கள். பிழைகளைத் திருத்துகிறவர் அவர்.

அடியேன் ராமாநுஜ தாஸன்,
ஸந்நிதி அர்ச்சகன், திருத்தணி.