நகர் ரோடு மூடப்படும் நாளில்

இறைவனின் தாய் தூய கன்னி மரியா பெருவிழா
வாசகங்கள்: எண்ணிக்கை 6:22–27, கலாத்தியர் 4:4–7, லூக்கா 2:16–21



இன்று இறைவனின் தாய் மரியாவின் பெருவிழா. திருத்தந்தை புனித ஆறாம் பவுலின் அழைப்பை ஏற்று 1968 முதல் இதே நாளைத் திருச்சபை உலக அமைதி நாளாகவும் கொண்டாடுகிறது. புனேயில் வாழும் நமக்கு ஜனவரி 1 என்றால் இன்னொன்றும் உண்டு. விமான் நகர், வாகோலி பக்கமிருந்து வந்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நகர் ரோட்டில் நேற்றே வண்டிகளைத் திருப்பிவிடத் தொடங்கியிருப்பார்கள். பேர்னே கிராமத்துக்குச் சிறப்புப் பேருந்துகள், வழியெங்கும் போலீஸ். பீமா ஆற்றங்கரையில் நிற்கும் வெற்றித் தூணுக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கான தலித் மக்கள் குடும்பம் குடும்பமாக நீலக் கொடி பிடித்துப் போகிறார்கள். நம்மில் பலருக்கு இது ஒரு ட்ராஃபிக் செய்தி, அவ்வளவுதான். எந்த வழியாகச் சுற்றிப் போகலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏன் மூடினார்கள் என்று கேட்பதில்லை.

நற்செய்தியைப் பாருங்கள். ஊருக்கு வெளியே, வயல்வெளியில் கிடந்த இடையர்கள் விரைந்து வருகிறார்கள். தாங்கள் கண்டதையும் கேட்டதையும் சொல்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் வியந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். வியந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று எழுதவில்லை. மரியா மட்டும் அவற்றை உள்ளத்தில் இருத்திச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொற்கள் முழுவதும் அவருக்கு அன்றே புரிந்திருக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே இருந்து வந்தவர்கள் சொன்னது என்பதற்காக அவர் அதைத் தள்ளவில்லை. இன்று இந்த நகரத்துக்கும் நமக்கும் நான் கேட்கும் வரம் இதுதான்: ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டு, உள்ளத்தில் இருத்தி, அதோடு வாழ்கிற வரம்.

பேர்னேயில் நிற்கும் அந்தத் தூணின் கதை 1818 ஜனவரி 1-ல் தொடங்குகிறது. ஷிரூரிலிருந்து புனே நோக்கி வந்த ஆங்கிலேயக் கம்பெனியின் ஏறத்தாழ 800 பேர் கொண்ட படை, பீமா கோரேகாவ்ன் ஊரில், புனேயை ஆண்ட பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை எதிர்த்து நாள் முழுவதும் நின்றது. கம்பெனிப் படையில் பலர் மகர் என்ற தலித் சமூகத்து வீரர்கள். மராட்டியர், ராஜபுத்திரர், முஸ்லிம்களும் இருந்தார்கள். மதராஸ் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கிகளும் அங்கே இருந்தன.  பின்னால் கம்பெனி எழுப்பிய தூணில் 49 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 22 பெயர்கள் மகர்களுடையவை. கம்பெனி தன் வெற்றிக்காக எழுப்பிய கல்தான் அது. தங்கள் முன்னோர் நிமிர்ந்து நின்றதற்குச் சாட்சியாக அந்த மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே போனார்.

ஒரு போரை ஏன் இவ்வளவு நெஞ்சில் சுமக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள், அந்தப் போருக்கு முந்தைய புனேயைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் இந்நகரத் தெருவில் நடந்தால், எச்சில் மண்ணில் விழாதபடி கழுத்தில் மண்கலயமும், கால்தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அம்பேத்கர் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கும் முன்னால் ஒரு சிறுமி எழுதியிருக்கிறாள். முக்தா சால்வே என்பது அவள் பெயர். மாங் சமூகத்துப் பிள்ளை, ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்தவள். 1855-ல், ஏறத்தாழ பதினான்கு வயதில் அவள் எழுதிய கட்டுரையை ஞானோதயா என்ற கிறிஸ்தவ மராத்தி இதழ் வெளியிட்டது. பாஜிராவ் ஆட்சியில் மகரோ மாங்கோ உடற்பயிற்சிக் கூடத்துக்கு முன்னால் நடந்து போனால் அவர் தலையை வெட்டி, குல்டேக்டி மைதானத்தில் அதைப் பந்தாகவும் வாளை மட்டையாகவும் வைத்து விளையாடினார்கள் என்று அந்தப் பிள்ளை எழுதுகிறாள். வேதம் எங்களுக்கு இல்லை என்றால் எங்களுக்கு எந்த மதம் என்று கடவுளிடமே கேட்கிறாள்.

குல்டேக்டி நமக்குத் தெரியாத இடமா? மார்க்கெட் யார்டு இருக்கிற பகுதி அது. திருவிழாவுக்குப் பூவும் வாழையிலையும் மூட்டைக் காய்கறியும் வாங்க நாம் விடியற்காலையில் போய் நிற்கிற இடம். அந்த மண்ணின் மேல் அப்படி ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபின், எனக்கு அங்கே பழையபடி நடக்க முடியவில்லை.

இந்தக் கதைகளுக்கு இந்நகரம் எவ்வளவு இடம் கொடுத்தது? பேஷ்வாக்களின் அரண்மனையான ஷனிவார்வாடாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் 1773-ல் கொல்லப்பட்ட இளம் பேஷ்வா நாராயணராவின் கதையை எல்லாரும் சொல்வார்கள். மண்கலயத்தின் கதையை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1848-ல் புலே தம்பதியர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பிடே வாடா, தகடுசேட் கணபதி கோவிலுக்கு எதிரிலேயே பல்லாண்டுகள் இடிந்து கிடந்தது. நினைவகம் கட்டுவதற்காக அந்தப் பழைய கட்டடத்தை மாநகராட்சி இறக்கியது 2023 டிசம்பரில்தான். பார்வதி மலைக் கோவிலுக்கு நாம் எல்லாரும் ஏறியிருக்கிறோம். 1929 அக்டோபரில் அந்தக் கோவிலுக்குள் நுழையப் போன தலித் மக்கள்மேலும், அவர்களோடு நின்ற எஸ்.எம். ஜோஷி போன்ற பிராமண இளைஞர்கள்மேலும் கல்லெறிந்தார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருச்சபைக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குவார்ட்டர் கேட் அருகே இருக்கும் சிட்டி சர்ச், 1792-ல் பேஷ்வா சவாய் மாதவராவ் கொடுத்த நிலத்தில் எழுந்தது. தம் படையில் இருந்த கத்தோலிக்கர் வழிபடட்டும் என்று அவர் மனமுவந்து கொடுத்தார். அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. நமக்கு நிலம் கொடுத்த அதே ஆட்சியின் தெருக்களில்தான் வேறு மனிதர்களுக்குக் கால்தடம்கூட மறுக்கப்பட்டிருந்தது. நன்றியையும் உண்மையையும் ஒரே உள்ளத்தில் வைத்திருக்கத் தெரியாவிட்டால், நன்றி நம் வாயை அடைத்துவிடும்.

இனி 2018-க்கு வருகிறேன். போரின் இருநூறாம் ஆண்டு. சில நாள்களுக்கு முன்பே, மராட்டிய மன்னர் சம்பாஜி மகாராஜாவின் சமாதி இருக்கும் வடு புத்ருக் கிராமத்தில், அவருக்கு இறுதிக் கடன் செய்தவராகத் தலித் மக்கள் போற்றும் கோவிந்த் கோபாலின் சமாதியருகே இருந்த பலகை உடைக்கப்பட்டது. ஜனவரி 1 அன்று தூணுக்குப் போன மக்கள்மேல் கல் விழுந்தது. வண்டிகளும் கடைகளும் எரிந்தன. சணஸ்வாடியில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டார், அவர் மராட்டியர். அவருடைய தாயின் கண்ணீரும் இந்நகரத்தின் கணக்கில்தான் சேரும். மூன்றாம் நாள் மாநிலமே பந்தில் நின்றது. யார் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லட்டும். பீடத்தில் நின்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஓய்வுபெற்ற நீதிபதி ஜே.என். படேல் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையத்துக்கு முதலில் கொடுத்த காலம் நான்கு மாதம். அது ஆண்டுக்கணக்கில் நீண்டது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அந்த நாள்களில் நம் வீடுகளில் என்ன பேசினோம்? அவர்களுக்குள்ளே சண்டை, நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கென்ன? தமிழ்நாட்டிலிருந்து கட்கி தொழிற்சாலைக்கும் ராணுவத்துக்கும் ரயில்வேக்கும் வந்து மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே பிறந்து, இங்கேயே அடக்கமாகிறவர்கள் நாம். இந்நகரத்தின் தண்ணீர் நமது, இதன் பள்ளிக்கூடம் நமது, இதன் பாவம் மட்டும் நமதில்லையா?

நமக்கென்ன என்று சொன்ன நமக்கு ஆண்டவர் வேறு வழியில் பதில் தந்தார். எல்கார் பரிஷத் என்று ஷனிவார்வாடாவில் 2017 டிசம்பர் 31 அன்று நடந்த கூட்டமே அந்த வன்முறையைத் தூண்டியது என்று நம் விஷ்ராம்பாக் காவல் நிலையத்தில் ஒரு வழக்கு பதிவானது. அந்த வழக்கு நீண்டு நீண்டு, 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் ஒரு கதவைத் தட்டியது. அங்கே கைதானவர் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைத் துறவி, அருள்தந்தை ஸ்டேன் சுவாமி. ஆதிவாசி மக்களோடு வாழ்ந்தவர். பீமா கோரேகாவ்னுக்குத் தாம் போனதே இல்லை என்று சொன்னவர். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடிக்க முடியாது. சிறையில் உறிஞ்சுகுழலும் சிப்பர் கோப்பையும் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது, வாரக்கணக்கில் காத்திருந்தார். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே, மும்பையில் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 84. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, விசாரணையே தொடங்கவில்லை. புனேயில் கேட்கப்படாத ஒரு கேள்வி, நம் மொழி பேசிய, நம் பூசை வைத்த ஒரு கிழவரின் தொண்டையில் தண்ணீர் இறங்காதபடி செய்தது. இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கொடுமையை நினைப்பது பழிவாங்குவதில் போய் முடியாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1948-ல் காந்தியடிகளைக் கொன்றவன் புனேக்காரன், பிராமணன் என்று தெரிந்ததும், புனேயிலும் சாங்லி, சாத்தாரா, கோலாப்பூர் பக்கங்களிலும் ஒன்றும் அறியாத பிராமணக் குடும்பங்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். அதையும் இந்நகரம் பேசுவதில்லை. ஒருவன் செய்ததை ஒரு சாதியின் தலையில் கட்டுவது மரியா செய்த சிந்தனைக்கு நேர் எதிரானது. பேசாமல் புதைத்தது எதுவும் மக்கிப் போவதில்லை. அமெரிக்காவில் டல்சா நகரத்தில் 1921-ல் வெள்ளையர் கூட்டம் கறுப்பின மக்களின் கிரீன்வுட் பகுதியை எரித்துச் சாம்பலாக்கியது. பல பத்தாண்டுகள் அந்நகரம் வாய் திறக்கவில்லை. 2020-ல் நகர நிர்வாகமே தன் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டி, கொல்லப்பட்டவர்களைத் தேடத் தொடங்கியது. 99 ஆண்டுகள் கழித்தும் தேட முடியும்.

நம் கல்லறைத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். திருச்சி மேலப்புதூரில் சாதி பார்த்து இறந்தவர்களுக்கு நடுவே சுவர் கட்டினோம். வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்தைச் சாதிக்கு ஒரு பக்கமாகக் கட்டி, நடுச்சுவரை 1910-ல்தான் இடித்தோம். இறையூரில் 2008-ல் கிறிஸ்தவரும் கிறிஸ்தவரும் சாதியின் பேரால் மோதிக்கொண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். திருச்சபைக்குள் தலித் மக்கள் ஒதுக்கப்படுவதை 2016-ல் ஆயர் பேரவையே எழுத்தில் ஒப்புக்கொண்டது. இதெல்லாம் ஊரில், புனேயில் இல்லை என்பீர்கள். நம் பையன் கட்கியில் பிறந்தவன், தமிழைவிட மராத்தி நன்றாகப் பேசுவான், ஹிஞ்சேவாடியில் வேலை. பெண் பார்க்கும்போது முதல் ஃபோனில் என்ன கேட்கிறோம்? "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? நம்ம ஆளுங்கதானே?" பெண் கோவிலில் பாடுகிறவள், பையனுக்கும் பிடித்திருக்கிறது, தெருப் பெயரைக் கேட்டதும், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்" என்று ஃபோனை வைக்கிறோம். அந்த ஜெபத்தை ஆண்டவர் எப்படிக் கேட்பார்? நீங்கள் இனி அடிமைகளல்ல, பிள்ளைகள் என்று இரண்டாம் வாசகத்தில் பவுலடியார் சொன்னதை, கேட்ட அரை மணி நேரத்துக்குள் நாம் மறுத்துவிடுகிறோம்.

முதல் வாசகத்தில் ஆரோன் சொல்ல வேண்டிய ஆசியில் ஒரு வரிசை இருக்கிறது. ஆண்டவர் முதலில் தம் முகத்தை மக்கள் பக்கம் திருப்புகிறார். அதன் பிறகே அமைதி அருள்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் அமைதிக்காக மன்றாட முடியாது. ஆண்டுக்கு ஒரு நாள் சாலையை மூடிக் காவல் வைத்தால் அசம்பாவிதம் நடக்காமல் போகலாம். அதற்காக உழைக்கும் காவலர்களுக்கு நன்றி. மற்ற 364 நாள் என்ன செய்கிறோம் என்பதில்தான் அமைதி இருக்கிறது.

ஆகவே இந்த மாதம் முடிவதற்குள், கூட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை, பேர்னேக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கொடியும் கோஷமும் வேண்டாம். மராத்தி நன்றாக வாசிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள், தூணில் இருக்கும் பெயர்களைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். வடு புத்ருக்குக்கும் போய், இரண்டு சமாதிகளின் முன்னும் நிற்போம். அங்கே வாழும் மராட்டியரும் தலித் மக்களும் நம்மோடு பேச விரும்பினால் உட்கார்ந்து கேட்போம். நாம் போய்ப் பாடம் சொல்ல வேண்டாம். திரும்பி வந்ததும் அன்பியக் கூட்டத்தில் இரண்டாவது வேலை ஒன்று இருக்கிறது: நம் திருமணத் தகவல் குழுவில் ஊர், தெரு, உட்பிரிவு கேட்கும் வழக்கத்தை எடுத்துவிடுவதா வேண்டாமா என்று பெயர் சொல்லி, முகம் பார்த்துப் பேச வேண்டும். எதிர்ப்பவர்களும் வாருங்கள். ஃபோனில் பேசுவதை அங்கே வந்து பேசுங்கள்.

வர விரும்புகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். இப்போது நம்பிக்கை அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.