அற்புதமுஞ் சான்றும்



திருநாவுக்கரசு சுவாமிகள் சரித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பன்னிரண்டு வயது நிரம்பாத மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, கல் மெய்யாகவே மிதந்ததோ? கண்டவர் யார்?" என்று வினாவினான். யான் அப்பொழுது ஆசிரியத் தொழிலுக்குப் புதியவன். அவனைச் சினந்து, பாடம் முடியுமளவும் நிற்கும்படி செய்தேன். விடை என்னிடத்து இல்லாமையே சினத்துக்குக் காரணம். யான் இளமையிற் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே வேதபாட வகுப்பில், "இயேசுநாதர் கடல்மேல் நடந்ததைக் கண்டவர் யார்?" என்று இதே வினாவை எழுப்பிவிட்டு, வெளியே வந்து தோழரிடத்துப் பெருமை பேசினவனும் யானே. பிறர் நூலை அளக்க ஒரு மரக்காலும், நம்முடைய நூலை அளக்க வேறொரு மரக்காலும் வைத்திருந்தமை, அன்று என்முன் நின்ற அச்சிறுவனைப் பார்த்தபோதே எனக்குப் புலனாயிற்று. அவனுக்கு அன்று சொல்லியிருக்கவேண்டிய விடையை இங்கே எழுதப் புகுகின்றேன்.

சான்று கேட்டல் நாத்திகம் என்று நம்மவருட் சிலர் கருதுவர். அது பொருந்தாது. சிவஞானசித்தியார் சுபக்கம் அளவையியலைக் கூறிக்கொண்டன்றோ தொடங்குகின்றது? காட்சியாவது யாது, அனுமானமாவது யாது, உரையாவது யாது, உரைப்பவன் எத்தகையனாதல் வேண்டும் என்பவற்றை ஆராய்ந்த பின்னரே நம்மாசிரியர் பதி பசு பாசம் பேசினர். "கண்டவர் யார்" என்ற பாலனும் தன்னையறியாமலே அளவை நூலின் வாயிலில் நின்றவனாவன்.

இனி, சரித்திர ஆராய்ச்சி நமக்குப் பகையுமன்று. சம்பந்த சுவாமிகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தவர் என்று கால்டுவெல் ஐயர் எழுதினார். மார்க்கோ போலோ குறித்த பாண்டியனையே சுவாமிகள் காலத்துப் பாண்டியனெனக் கொண்டமையால் விளைந்த பிழை அது. மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம்பிள்ளை அதனைச் சான்று காட்டி மறுத்தார். முதலாம் இராசராசன் (985 - 1014) தஞ்சைப் பெருங்கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கு 48 பேரை நியமித்தமை அக்கோயிற் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றது. இருநூற்றெண்பது வருடங்கழித்துப் பிறக்கப்போகிறவர் பாடலை ஓதுதற்கு ஓர் அரசன் ஆள் வைப்பானோ?

அப்பர் சுவாமிகள் விஷயத்திலும் அங்ஙனமே. திருச்சிராப்பள்ளி மலைமேற் குகைக்கோயிலில், குணபரன் என்னும் பெயர் பூண்ட மகேந்திரவர்ம பல்லவன் புறநெறியினின்றும் நீங்கிச் சிவலிங்க வழிபாட்டை அடைந்தான் என்னுங் கருத்துடைய வடமொழிச் சாசனம் உண்டு. அது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது. ஏறக்குறைய ஐந்நூறு வருடங்களின் பின் வந்த சேக்கிழார் சுவாமிகள், பல்லவன் திருவதிகையிற் கட்டுவித்த கோயிலைக் குணபரவீச்சரம் என்கின்றார். அப்பெயரை அவர் கற்பனை செய்தாரல்லர் என்பது இதனாற் றெளிவு. ஆயினும் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இச்சாசனம் அரசனுக்குச் சான்றாகுமேயன்றிக் கல்லுக்குச் சான்றாகாது. நம்மவர் பலர் அரசனை நிறுவியவுடன் கல்லையும் நிறுவிவிட்டதாகக் கைகொட்டுகின்றனர்.

கல்லுக்குச் சான்று எங்கேயுளது? பெரியபுராணத்தைத் திறப்பதற்கு முன் தேவாரத்தைத் திறக்கவேண்டும். திருநீலக்குடிப் பதிகத்திலே, சமணர் தம்மைக் கல்லோடு பிணித்து நீரிற் றள்ளினர் என்றும், தாம் அரனுடைய திருநாமத்தைச் சொல்லி உய்ந்ததாகவும் சுவாமிகள் தாமே கூறுகின்றார். நஞ்சு கலந்த பாற்சோறு திருநனிபள்ளிப் பதிகத்தில் வருகின்றது. சூலைநோய் திருவதிகைப் பதிகத்தில் வருகின்றது. இவை பிறர் எழுதிய கதையல்ல. துன்பமுற்றவர் தம் வாயாற் சொன்னவை. நமச்சிவாயப் பதிகத்திலும் கல்லும் கடலும் வருகின்றன. ஆனால் அங்கே கடலிற் பாய்ச்சினாலும் துணையாவது திருவைந்தெழுத்தே என்று பொதுப்படக் கூறப்பட்டிருக்கின்றது. நீலக்குடியிலோ "என்னை" என்றே கூறுகின்றார். இவ்வேறுபாட்டை மாணாக்கர்க்குக் காட்டுவது நன்று.

இப்பொழுது சேக்கிழார் வாக்கை நோக்குக. கல் தெப்பமாக மிதந்து, திருப்பாதிரிப்புலியூர்க் கரையிற் சுவாமிகளைச் சேர்த்தது என்பது அங்கே விரித்துரைக்கப்பட்டது. சுவாமிகள் நீலக்குடியிற் சொன்னது யாது? கட்டினர், தள்ளினர், நாமத்தைச் சொன்னேன், உய்ந்தேன். கல் என்னாயிற்று என்பதை அவர் அங்கே சொல்லவில்லை. அவர் கண் கல்லின்மேல் இல்லை, திருநாமத்தின்மேலேயே இருந்தது. ஆகவே, "கண்டவர் யார்?" என்ற மாணாக்கனுக்கு விடை இது: "தம்பி, தள்ளப்பட்டவரே சாட்சி. தாம் பிழைத்ததையும், எதனாற் பிழைத்தாரென்று தாம் நம்பினாரோ அதனையும் அவர் சொல்லியிருக்கின்றார். கல் தெப்பமானது அடியார் மரபு வழியாகச் சேக்கிழாருக்கு வந்தது. முன்னையது நேர்ச்சான்று, பின்னையது மரபுச்சான்று. மரபைப் பொய்யென்று தள்ளற்க. நேர்ச்சான்றோடு ஒரே நிறையில் வையற்க."

இம்மரக்காலைக் கிறிஸ்தவருக்கும் கொடுத்துப் பார்ப்போம். பவுல் என்பவர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், உயிர்த்தெழுந்த இயேசு தமக்கும் தரிசனமானார் என்று சுருக்கமாகத் தாமே எழுதுகின்றார். தமஸ்குவுக்குச் சென்ற வழியிலே ஒளி தோன்றியதும் சத்தம் உண்டானதும் விரிவாகக் காணப்படுவது அப்போஸ்தலருடைய நடபடிகள் என்னும் பிறரெழுதிய நூலில். அதிலும் 9ஆம் அதிகாரத்தில் உடன் சென்றவர் சத்தத்தைக் கேட்டனர். 22ஆம் அதிகாரத்தில் ஒளியைக் கண்டனர், தம்மொடு பேசியவரின் சத்தத்தைக் கேட்கவில்லை. இம்முரணைக் காட்டிப் பவுலைப் பொய்யரென்று முடித்தல் யான் இளமையிற் செய்த வேலை. அது நீதியன்று. பவுல் தாம் கண்டதாகச் சொன்னது ஒன்று; பின்னோர் விரித்தது மற்றொன்று. நமக்கு நீலக்குடிப் பதிகமும் பெரியபுராணமும் எவ்வாறோ, அவர்க்கு நிருபமும் நடபடிகளும் அவ்வாறே. ஆறுமுகநாவலர் சைவதூஷணபரிகாரத்திலே (1854) பாதிரிமார் நம்மீது எறிந்த கல்லை அவர்கள் வேதத்திலிருந்தே எடுத்துத் திருப்பியெறிந்தார். அவர் காலத்துக்கு அது வேண்டியதாயிருந்தது. அக்கல்லை எறிந்துகொண்டேயிருக்கும் நாம், நம் வீட்டுக் கூரையையும் ஒருமுறை பார்த்தல் தகும்.

கூரை என்றது கழுவேற்றத்தை. மதுரையில் எண்ணாயிரஞ் சமணர் கழுவேறினர் என்பதை வகுப்பிலே சிலர் வெற்றிக்கதையாகவே சொல்லக் கேட்டிருக்கின்றேன். நெஞ்சு நடுங்கவேண்டாமா? கல் மிதந்ததை நம்பாத புறச்சமயத்தார் கழுவை முற்றும் நம்புகின்றனர். கல்லை நம்பும் நாமோ, வினாவுவோர் வந்தாற் கழுவை மறைக்கின்றோம். இரண்டிடத்தும் மரக்கால் கோணியிருக்கின்றது. சம்பந்த சுவாமிகள் திருப்பதிகங்களிற் சமணரைக் கடிந்து கூறுதலும் வாதுக்கு அருள் வேண்டுதலும் உண்டு. கழுவேற்றம் அவற்றில் இல்லை. பின்வந்த நம்பியாண்டார் நம்பி அதனைக் குறித்தார், சேக்கிழார் விரித்தார். பாண்டிநாட்டிற் சமணம் அழிந்துவிட்டதோ என்றால், கழுகுமலையிலே பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டன. 9ஆம் நூற்றாண்டிலே சீமாறன் சீவல்லபன் காலத்தில், சித்தன்னவாசற் குகைப்பள்ளியைப் புதுக்கியவர் இளங்கௌதமர் என்னும் மதுரையாசிரியர் என்று அங்குள்ள சாசனம் கூறுகின்றது. மதுரையைச் சேர்ந்த ஒரு சமண ஆசிரியர்! நம் தொழிலையே செய்தவர் போலும். எண்ணாயிரம் என்னுந் தொகையை வரலாறாகக் கொள்ளுதற்கு இவை இடந்தரவில்லை. ஒருவரேனும் கொல்லப்படவில்லை என்று சத்தியஞ் செய்யவும் என்னால் இயலாது.

"இவ்வாறெல்லாம் சொன்னால் பிள்ளைகளின் பக்தி கெட்டுவிடாதோ?" என்று ஆசிரியரொருவர் என்னைக் கேட்டார். யான் கண்டதைச் சொல்லுகின்றேன். எல்லாவற்றையும் ஒரே நிறையாகக் கற்ற பிள்ளை, வெளியூர் சென்று ஒன்றிலே ஐயுற்றபோது, கல்லோடு நாமத்தையுங் கடலிலே எறிந்துவிடுகின்றது. அத்தகையோர் சிலர் என் மாணாக்கருள்ளும் இருக்கின்றனர்.

ஆதலால் இப்பொழுதெல்லாம் அப்பர் சரித்திரம் தொடங்குகையில், நீலக்குடிப் பதிகத்தை முதலில் ஓதுவித்துப் பொருள் சொல்லுகின்றேன். மறுநாளே புராணத்தை எடுக்கின்றேன். இடையில் எவனாவது எழுந்து "கண்டவர் யார்?" என்பானாயின், அவனை இருத்திவிட்டு, அப்பதிகத்தை மீட்டும் ஒருமுறை படிக்கும்படி சொல்லுகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.