விட்டுக்கொடுத்த பங்கு

பேராக்கில் சுங்கை சிப்புட், கோப்பெங் பக்கம் பால்மரம் நின்ற இடங்களில் இப்போது செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த துண்டு நிலத்துக்கு விலை ஏறியதும், மௌத்தாகிப்போன அத்தாவின் பெயரிலேயே இருக்கும் நிலப் பட்டாவை, அந்தக் கிராண்டைத் தேடுகிறார்கள். மனத்தாங்கல் அங்கே தொடங்குகிறது.

மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள் உள்ள குடும்பத்தில் ஐந்து ஏக்கர் இருப்பதாகக் கொள்வோம். கடனும் வசிய்யத் என்னும் உயிலும் போக, இஸ்லாமிய வாரிசுப் பங்கீடான ஃபராயிள் கணக்கில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மகன்களுக்கு ஆளுக்கு 1.75 ஏக்கர் வரும். மகளுக்கு 0.875 ஏக்கர், தாய்க்கு அதனினும் குறைவு. சிக்கல் இங்கேதான். விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே தனிப் பட்டாவாகப் பிரிக்க மலேசிய நிலச் சட்டம் இடம்தராது. ஆக, அந்தப் பெண்கள் இருவரும் கூட்டுப் பெயரில் இருக்கலாம், விற்றுப் பணமாக வாங்கலாம், அல்லது விட்டுக்கொடுக்கலாம். மூன்றாவதைத்தான் குடும்பம் அவர்களிடம் எதிர்பார்க்கிறது.

வாரிசுகள் மனமொத்துப் பங்கை விட்டுத்தரும் தகாருஜ் முறையை மார்க்கம் ஏற்கிறது. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நடக்கும் விசாரணையிலும் அந்த இணக்கம் செல்லும். 2024 முதல் 50 லட்சம் ரிங்கிட் வரையிலான சொத்து இதில் அடங்குவதால், பெரும்பாலான குடும்பங்களின் நிலம் இந்த வழியாகவே கைமாறும். வர முடியாதவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். தன் பங்கு எவ்வளவு என்று தெரியாமல், "பிறந்த வீட்டு உறவு வேணுமா, மண்ணு வேணுமா" என்ற பேச்சுக்குப் பயந்து போட்ட கையெழுத்து மனமொப்பிய கொடை ஆகுமா? ஆகாது. பிறர் பொருள் அவர் மனம் விரும்பித் தந்தால்தான் ஹலால் என்பது இஸ்லாத்தின் அடிப்படை.

கல்யாணத்தில் சீர் செய்தாயிற்றே என்பார்கள். உயிரோடு இருந்தபோது தகப்பன் கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கில் கழியாது. தோட்டத்திலேயே கிடந்து பால் வெட்டி, அத்தாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகனின் வாதம் இதைவிடக் கனமானது. அந்த உழைப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சொந்தப் பணத்தைக் கடனாகச் செலவழித்திருந்தால் அதைக் கடனென்று சொல்லி, பங்கு பிரிக்குமுன் கழித்துக்கொள்ள வழி உண்டு. உழைப்புக்கு ஈடு வேண்டுமென்றால் எல்லோர் முன்னும் வாய்விட்டுக் கேட்கலாம். தங்கையின் கூச்சத்திலிருந்து அதை வசூலிப்பது நியாயமில்லை. குடும்பத்தைத் தாங்கும் கடமை ஆணுக்கு இருப்பதால்தான் அவனுக்கு இரட்டைப் பங்கு என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்த இரட்டைப் பங்கை வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் கேட்பவர், எந்தக் கடமையைச் சொல்லிக் கேட்கிறார்?

உண்மையாகவே மனமுவந்து கொடுக்கும் சகோதரிகள் உண்டு. அவர்கள் கொடையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கொடுப்பது இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். வயது வராத பிள்ளையின் பங்கை மட்டும் யாரும் விட்டுத்தர முடியாது.

அண்ணன்மாரே, படிவத்தை நீட்டுமுன் நிலத்தின் இன்றைய விலையையும் அதில் தங்கைக்கு வரும் தொகையையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க விடுங்கள். வேண்டாம் என்று அதற்குப் பிறகு அவளே சொன்னால், வாங்கிக்கொள்ளுங்கள்.