குறைக்கத் தெரிந்த கை

மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பை எதை வைத்து மதிப்பிடுகிறோம்? அவர் புதிதாக எதைச் சேர்த்தார் என்பதை வைத்துத்தான். குழந்தைகளைத் தாக்கும் கடும் ரத்தப் புற்றுநோயின் கதையும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, அவர்களில் 10 பேருக்கு நோய் சில மாதங்களாவது அடங்கியதை எழுதினார். அந்த மருந்தை உருவாக்கித் தந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1960களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஃப்ரையும் ஃப்ரைரைக்கும் நான்கு மருந்துகளை ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். 1962இல் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையின் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல், இனி இலக்கு ஆயுளை நீட்டிப்பது அல்ல, நோயை ஒழிப்பதே என்று அறிவித்தார். மருந்துக்கு மேல் மருந்து, அதற்கு மேல் கதிர்வீச்சு என்று ஏறிக்கொண்டே போகும் இந்த வரலாறு முழுக்க உண்மை. ஆனால் அதன் பின்பாதியை நாம் சொல்வதே இல்லை. வென்று கொடுத்த சிகிச்சையையே எடுத்துவைத்து, இதில் எவ்வளவு தேவையில்லை என்று கேட்டவர்களின் உழைப்பு அது. முதல் பாதியைவிட அதுவே கடினமானது, அதைவிட எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல என்பது என் வாதம்.

மெம்ஃபிஸையே எடுத்துக்கொள்வோம். மருந்துகளால் ரத்தத்திலிருந்து விரட்டப்பட்ட நோய், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த சவ்வுகளில் ஒளிந்திருந்து திரும்பிவந்தது. ரத்தத்தில் ஓடும் மருந்துகள் அங்கே போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. பிங்கெலின் குழு முதலில் குறைந்த அளவு கதிர்வீச்சைக் கொடுத்துப் பார்த்தது, பலன் இல்லை. பிறகு தலைக்கு 2,400 ராட் கதிர்வீச்சும், முதுகுத்தண்டு நீரில் நேரடியாக மெத்தோட்ரெக்சேட் ஊசியும் சேர்த்தது. 1967-68இல் நடந்த அந்த ஐந்தாவது ஆய்வில் சேர்ந்த 35 குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர் நோய் திரும்பாமல் பிழைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இந்த நோய் வந்த குழந்தை ஏறக்குறைய நிச்சயமாக இறந்துவிடும் என்பதை நினைத்தால், மருத்துவ வரலாற்றில் இதற்கு ஈடான தாவல்கள் சிலவே. ஆகவே உலகம் முழுவதும் தலைக்குக் கதிர்வீச்சு என்பது விதியானது. அதன் விலை பிறகே தெரியவந்தது. வளரும் மூளையில் விழுந்த கதிர்கள் நினைவாற்றலையும் கற்கும் திறனையும் பாதித்தன. வளர்ச்சி ஹார்மோன் குறைந்தது. சிலருக்கு ஆண்டுகள் கழித்து மூளையில் வேறொரு கட்டி வந்தது.

அந்த விதியை உடைக்கும் வேலையில் அதே மருத்துவமனையும் முன்னின்றது. 2000 முதல் 2007 வரை சிங்-ஹோன் புய் தலைமையில் நடந்த பதினைந்தாவது ஆய்வில் 498 நோயாளிகளில் ஒருவருக்குக்கூட முன்தடுப்பாகத் தலைக்குக் கதிர்வீச்சு கொடுக்கப்படவில்லை. ஐந்து ஆண்டுகளில் 93.5 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இது குருட்டுத் துணிச்சல் அல்ல. முதுகுத்தண்டு நீரில் போடும் மருந்து கவனமாகக் கூட்டப்பட்டது. எலும்பு மஜ்ஜையில் பத்தாயிரத்தில் ஒன்றாக எஞ்சியிருக்கும் புற்றணுவைக்கூடக் கண்டுபிடிக்கும் சோதனை கைக்கு வந்திருந்தது. யாருக்குக் கூடுதல் சிகிச்சை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை அது சொன்னது. ஆனாலும் ஒரு நிறுவனம் தன் பெயரை நிலைநாட்டிய சிகிச்சையையே, இது இல்லாமல் முடியுமா என்று கேட்பதற்குக் கருவிகள் மட்டும் போதாது. தன் வெற்றியைத் தன் சொத்தாக நினைக்காத மனம் வேண்டும்.

ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவின் கதையில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. நிணநீர்க் கணுக்களில் தோன்றும் இந்தப் புற்று கதிர்வீச்சால் குணமாகும் என்று 1950இல் டொரொண்டோவின் வேரா பீட்டர்ஸ் காட்டினார். ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்லன் கழுத்து, அக்குள், மார்பு என்று விரிந்த பரப்புக்கு உயர் ஆற்றல் கதிர்களைப் பாய்ச்சும் முறையை வளர்த்தார். 1964இல் வின்சென்ட் டெவிட்டாவும் சகாக்களும் தொடங்கிய நான்கு மருந்துக் கூட்டு, உடல் முழுக்கப் பரவிய நோயிலும் ஏறக்குறைய பாதிப்பேரைக் குணமாக்கியது. பிழைத்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்; அவர்களுக்கு முன்னால் நீண்ட வாழ்க்கை இருந்தது. அந்த வாழ்க்கைக்குள்தான் சிகிச்சையின் கடன் வசூலுக்கு வந்தது. மருந்துக் கூட்டு பலருக்குக் குழந்தைப்பேற்றைப் பறித்தது, சிலருக்கு ரத்தப் புற்றுநோயையே கொடுத்தது. பதின்வயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு, அதற்கான மரபணுப் பிழையோடு பிறந்தவர்களுக்கு உள்ள வாய்ப்பை நெருங்கியது. மிலானில் ஜியானி பொனடோனா 1970களில் வேறு நான்கு மருந்துகளைச் சேர்த்து, மலட்டுத்தன்மையும் இரண்டாம் புற்றும் வெகுவாகக் குறைந்த ஒரு கூட்டைத் தந்தார். பின்னர் ஜெர்மானிய ஆய்வுக் குழு தொடக்க நிலை நோயுள்ள 1,370 பேரைக் கொண்டு, அந்தக் கூட்டின் நான்கு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றும், 30 கிரே கதிர்வீச்சுக்குப் பதில் 20 கிரேயும் போதும் என்று 2010இல் நிறுவியது. வேரா பீட்டர்ஸை மறுபடி சொல்ல வேண்டும். லிம்ஃபோமாவில் கதிர்வீச்சைக் கூட்டச் சொன்ன அவரேதான், மார்பகப் புற்றில் முழு மார்பகத்தையும் அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலே பலன் குறையாது என்று அறுவை மருத்துவர்களின் கோபத்துக்கு நடுவில் வாதாடினார். கூட்டுவதும் குறைப்பதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன. எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

குறைப்பது ஏன் இவ்வளவு கடினம்? காப்பாற்றப்பட்ட உயிர் மருத்துவரின் கண்முன் நிற்கிறது. தீங்கு இருபது ஆண்டு கழித்து, வேறொரு ஊரில், இதய மருத்துவரின் வாசலிலோ குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக் கூடத்திலோ போய் நிற்கிறது. இரண்டையும் ஒருவரே பார்ப்பது அபூர்வம். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய குழந்தைப் புற்றுநோய் உயிர்பிழைத்தோர் ஆய்வு, 1970க்கும் 1986க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டுப் பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் 62 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட உடல்நலக் குறை. நான்கில் ஒருவருக்கு மேல் கடுமையானது அல்லது உயிருக்கு ஆபத்தானது. 2006இல் இந்தக் கணக்கு வெளிவரும்வரை பெரும்பாலும் ‘குணமாயிற்று’ என்ற சொல்லோடு கோப்பு மூடப்பட்டுக்கொண்டிருந்தது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிழைத்தவர்களின் பக்கவிளைவைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள், சிகிச்சையைக் குறைத்ததால் நோய் திரும்பி இறப்பவரைப் பற்றி என்ன சொல்வீர்கள்? வெறும் வாதத்துக்காகக் கேட்கும் கேள்வி அல்ல இது. பிங்கெலே 1960களின் நடுவில் மருந்தைப் பாதி அளவாகக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் குழந்தைகளுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது. ஐரோப்பாவில் ஹாட்ஜ்கின் நோயாளிகளில், இரண்டு சுற்று மருந்துக்குப் பின் பெட் ஸ்கேன் தெளிவாக இருந்தவர்களுக்குக் கதிர்வீச்சையே விட்டுவிட்ட ஓர் ஆய்வில், நோய் திரும்புவது கூடியதால் கண்காணிப்புக் குழு அந்தப் பிரிவை நடுவிலேயே நிறுத்தியது. கட்டடம் எழுந்து நிற்கும்போது எது சாரம், எது தூண் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பது மெய்தான். ஆனால் இந்த இரண்டு தோல்விகளும் எப்படித் தெரியவந்தன? ஒப்பிட்டு, எண்ணி, ஆபத்து தெரிந்ததும் நிறுத்தும் ஏற்பாட்டோடு செய்ததால். கருணையின் பெயரால் ஒரு மருத்துவர் தன் அறையில் தனியாக மருந்தைக் குறைப்பதை நான் ஆதரிக்கவில்லை. முறையாகக் குறைத்ததன் கூட்டுப் பலனும் கணக்கில் ஏறியிருக்கிறது. அதே உயிர்பிழைத்தோர் ஆய்வின் 2016ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஐந்தாண்டு தாண்டியவர்களில் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள், 1970களின் தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களிடையே 12.4 சதவீதம், 1990களில் பெற்றவர்களிடையே 6 சதவீதம். அதற்கு ஒரு காரணம், கதிர்வீச்சும் நச்சு மருந்தும் குறைக்கப்பட்டது. ஆகவே குறைப்பதும் உயிரைக் காத்தது.

இன்னொரு மறுப்பு: இதெல்லாம் வசதியுள்ள நாடுகளின் கவலை, மருந்தே கிடைக்காத இடத்தில் எதைக் குறைப்பது? இந்தக் கேள்விக்கான பதில் நம் வேலூரிலேயே இருக்கிறது. ரத்தப் புற்றுநோயில் ஏபிஎல் என்ற வகைக்கு வைட்டமின் ஏ வழி வந்த ஒரு மருந்தும் கீமோவும் சேர்ந்ததே வழக்கமான சிகிச்சையாக இருந்தது. செலவு அதிகம், கீமோவால் வெள்ளணு விழுந்து தொற்றில் இறந்தவர்களும் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் ஆர்செனிக் ட்ரைஆக்சைடை மட்டும் முதன்மை மருந்தாகக் கொண்டு 72 பேருக்குச் சிகிச்சை அளித்து, 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியதை 2006இல் வெளியிட்டார்கள். 2013இல் ரோமின் லோ-கோகோவின் குழு, இதே நோயில் ஆபத்து குறைந்த பிரிவினருக்கு ஆர்செனிக்கும் அந்த வைட்டமின் வழி மருந்தும் இருந்தால் கீமோவே வேண்டாம் என்று நிறுவியது. பற்றாக்குறை கேட்க வைத்த கேள்வி வசதியுள்ளவர்களுக்கும் பயன்படுகிற விடையின் பக்கம் இட்டுச்சென்றது. கையில் காசில்லாத குடும்பத்துக்கு ஒரு சுற்று மருந்து குறைவது, சிகிச்சையை நடுவில் விட்டுவிடாமல் முடிப்பதற்கான வழியும்கூட.

மிச்சமிருப்பது பணமும் பெயரும். மருந்தைக் குறைத்தால் போதும் என்று நிரூபிக்கும் ஆய்வுக்கு மருந்து நிறுவனம் பணம் தர வேண்டிய காரணம் இல்லை. அது அரசும் அறக்கட்டளைகளும் பொது மருத்துவமனைகளும் எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு. இளம் ஆராய்ச்சியாளருக்குப் பதவி உயர்வு தருகிறவர்கள், அவர் எதை நீக்கிக் காட்டினார் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, எளிமையானதும் அவசரமானதுமான வேலை ஒன்று உண்டு. இன்று குணமாகி வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு குழந்தையின் கையிலும், எந்த மருந்து மொத்தம் எத்தனை மில்லிகிராம், எந்த இடத்தில் எத்தனை கிரே கதிர்வீச்சு என்று எழுதிய ஒரு தாள் இருக்க வேண்டும். அதன் பிரதி மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் அழியாமல் இருக்க வேண்டும். வளர்ந்த பிறகு மூச்சு வாங்குகிறது என்று வருகிறவரிடம், சிறு வயதில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் இதய மருத்துவர் எதைத் தேடுவது என்று அறிய மாட்டார். நாளைய ஆராய்ச்சியாளரும் எதைக் குறைப்பது என்று அறிய மாட்டார்.